மடக்குக் கத்தி: சைட்டுக்கும் தோட்டத்துக்கும் வாங்கும் முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் வீட்டு வயரிங் வேலை எடுத்துச் செய்கிறேன், பதினெட்டு வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் வாடிப்பட்டிப் பக்கம் அப்பாவின் தென்னந்தோப்பு. இரண்டு இடத்திலும் பேண்ட் பையில் ஒரு மடக்குக் கத்தி இருக்கும். புதிதாக வேலைக்கு வரும் பையன்கள், கூட வேலை செய்யும் பிளம்பர்கள், மலையேறப் போகும் நண்பர்கள் என்று ஆளாளுக்குக் கேட்ட கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் நல்லது என்று தோன்றியது. என் கைக்குச் சரிப்பட்டதைத்தான் சொல்கிறேன்.

அண்ணே, பத்து இருபது ரூபாய் கட்டர் இருக்கும்போது மடக்குக் கத்தி எதுக்கு?

நியாயமான கேள்வி. பல வேலைக்குக் கட்டரே போதும், கட்டர்தான் நல்லது. ஜிப்சம் போர்டு கீறுவது, அட்டைப்பெட்டி பிரிப்பது, தரை ஷீட் வெட்டுவது எல்லாம் கட்டருக்கு உரிய வேலை. நுனி மழுங்கினால் ஒரு துண்டை உடைத்துப் போட்டுவிட்டு அடுத்ததைத் தள்ளிக்கொள்ளலாம். 1956இல் ஜப்பானில் கண்டுபிடித்த அந்த ஏற்பாட்டை இன்றைக்கும் யாரும் மிஞ்சவில்லை. வாங்கினால் 9 மி.மீ. அகலம் வேண்டாம், 18 மி.மீ. வாங்குங்கள்.

ஆனால் கட்டர் பிளேடு பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்காது. தடித்த கேபிளின் மேல்தோலைச் சுற்றி அறுக்கும்போது கை கொஞ்சம் திரும்பினாலும் துண்டு உடைந்து கண்ணுக்கு நேராகத் தெறிக்கும். நைலான் கயிறு, ஈரச் சாக்கு, தென்னை மட்டை நார், சொட்டுநீர்க் குழாய், தார்ப்பாய் ஓரம் இதற்கெல்லாம் வளையாத அலகு, அதாவது பிளேடு வேண்டும், கை நிறையப் பிடி வேண்டும். அங்கேதான் மடக்குக் கத்தி. ஒரு நாளில் மூன்று நான்கு தடவையாவது இந்த மாதிரி வேலை வருகிறது என்றால் வாங்குங்கள், இல்லையென்றால் காசை மிச்சம் பிடியுங்கள்.

எங்கள் ஆட்களில் பாதிப் பேர் உடைந்த ஆக்ஸா பிளேடைத் தீட்டி, ஒரு முனையில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி வைத்துக்கொள்வார்கள். வெட்டும், மறுக்கவில்லை. பையில் போட்டால் தொடையையும் வெட்டும்.

கடையில் முதலில் எதைப் பார்க்கணும்? இரும்பா, நீளமா, விலையா?

பூட்டு. கத்தியை விரித்ததும் அலகு மடங்காமல் பிடித்து நிற்கிறதே, அந்தப் பூட்டு. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் வலது ஆள்காட்டி விரலில் நடு மூட்டுக்குக் கீழே நான்கு தையல் போட்ட வடு இருக்கிறது. ஒத்தக்கடைப் பக்கம் ஒரு மாடி வீடு. பூச்சு வேலை நடந்துகொண்டிருந்ததால் எங்கே பார்த்தாலும் எம்-சாண்ட் தூசி. கேபிள் சுருளைக் கட்டியிருந்த பட்டையை அறுக்க, கத்தி முனையைப் பட்டைக்கு அடியில் செருகி முன்னால் தள்ளினேன். கத்தி உள்ளே போகவில்லை, அலகு மடங்கி என் விரல் மேல் வந்து விழுந்தது. அப்புறம் கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்து கத்தியைப் பிரித்துப் பார்த்தால், பூட்டுத் தகடு வந்து உட்காரும் இடத்தில் கடுகளவு மணல். தகடு முழுசாக உள்ளே வராமல் அலகின் ஓரத்தில் மயிரிழையளவு ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. விரித்தபோது ‘டக்’ என்று சத்தம் கேட்டது, நானும் நம்பிவிட்டேன். இப்போது சத்தத்தை நம்புவதில்லை, தகடு எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் அழுத்துகிறேன்.

பூட்டில் என்னென்ன வகை? எது நல்லது?

பூட்டே இல்லாத கத்தியிலிருந்து ஆரம்பிப்போம். நம் பழைய பேனாக் கத்தி, சுவிஸ் கம்பெனி விக்டோரினாக்ஸின் சின்ன சிவப்புக் கத்திகள் எல்லாம் இந்த வகை. பின்புறத்து ஸ்பிரிங் அழுத்தத்தில் மட்டும் அலகு நிற்கும். பழம் நறுக்க, நூல் அறுக்க, இன்சுலேஷன் சீவ அருமையானது. உங்கள் பக்கம் இழுத்து அறுக்கிற வேலைக்குச் சரி, முனையால் குத்தித் தள்ளுகிற வேலைக்குக் கூடாது.

அடுத்தது உள்தகட்டுப் பூட்டு, கடைக்காரர்கள் லைனர் லாக் என்பார்கள். கைப்பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு பக்கவாட்டில் துள்ளி வந்து அலகின் வாலுக்குப் பின்னால் முட்டுக்கொடுக்கும். ஆன்லைனில் மலிவாகக் கிடைப்பதில் பெரும்பாலானது இதுதான். ஒரு கையால் விரித்து ஒரு கையால் மடக்கலாம், ஏணி மேல் நிற்கிறவனுக்கு அது பெரிய வசதி. குறை என்னவென்றால் மடக்கும்போது கட்டை விரல் அலகு வரும் பாதையிலேயே இருக்கும், மணல் புகுந்தால் நான் மேலே சொன்ன கதைதான். அதே தகடு தடித்து, கைப்பிடியின் ஒரு பக்கமே பூட்டாக வருவது ஃபிரேம் லாக். இதைவிடக் கொஞ்சம் உறுதி, கொஞ்சம் கனம்.

பின்முதுகுப் பூட்டு என்று ஒன்று. கைப்பிடியின் முதுகில் ஒரு நீளக் கட்டை, அதன் கொக்கி அலகின் பள்ளத்தில் போய் விழும். மடக்க முதுகை அழுத்த வேண்டும், சாதாரணமாக இரண்டு கையும் வேண்டும். மெதுவான கத்திதான், ஆனால் விரல் அலகின் பாதையில் வராமலே மடக்கலாம். தோட்ட வேலைக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

வளையப் பூட்டு என்றால் ஓப்பினெல். பிரான்ஸில் 1890இல் தொடங்கிய கத்தி, அந்த வளையம் வந்தது 1955இல். கழுத்தில் இருக்கிற இரும்பு வளையத்தைத் திருகினால் அலகு நிற்கும், அவ்வளவுதான் அதன் இயந்திரம். கெட்டுப்போக ஒன்றும் இல்லை, மணல் புகுந்தாலும் கழுவிவிடலாம். அதில் எட்டாம் நம்பர் அளவுக் கத்தியின் அலகு 8.5 செ.மீ., நம் வேலைக்கு அளந்து செய்த மாதிரி. ஒன்று மட்டும், பிடி மரம். மழைக் காலத்தில் நனைந்தால் மரம் ஊதி அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், நகத்தால் இழுத்தாலும் வராது. நிழலில் காயப் போட்டால் சரியாகிவிடும்.

குறுக்குக் கம்பிப் பூட்டு, பொத்தான் பூட்டு என்று வேறு வகைகளும் உண்டு. நல்ல கம்பெனி என்றால் நல்லவைதான், மலிவில் வாங்காதீர்கள்.

கடையில் நின்றபடியே எப்படிச் சோதிப்பது?

விரியுங்கள். கைப்பிடியை ஒரு கையிலும் அலகின் முதுகை இன்னொரு கையிலும் பிடித்து மேலும் கீழும், இடம் வலம் அசைத்துப் பாருங்கள். புதுக் கத்தியில் ஆட்டம் இருக்கவே கூடாது. உள்தகட்டுப் பூட்டாக இருந்தால் தகடு அலகின் வாலில் கால் பங்காவது உள்ளே வந்திருக்க வேண்டும், எதிர்ப்பக்கம் வரை போய் முட்டியும் நிற்கக் கூடாது. அப்படி முட்டினால் கொஞ்ச நாள் தேய்மானத்திலேயே ஆட்டம் வந்துவிடும். பிறகு விரல்களை அலகின் பாதையிலிருந்து முழுக்க விலக்கி, உள்ளங்கைகளால் மட்டும் பிடித்து, அலகின் முதுகை மடங்கும் திசையில் மெதுவாக அழுத்துங்கள். பூட்டு நகர்ந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். சிலர் முதுகை மேஜையில் ஓங்கி அடித்துச் சோதிப்பார்கள், அது நல்ல பூட்டையும் கெடுக்கும்.

மடக்கிய நிலையிலும் பாருங்கள். முனை கைப்பிடிக்குள் முழுசாக மறைய வேண்டும். தலைகீழாகப் பிடித்து லேசாக உதறினால் திறந்துகொள்ளும் கத்தி பைக்குள் இருக்கத் தகுதி இல்லாதது.

நான் இடக்கைக்காரன். எனக்கு என்ன?

பின்முதுகுப் பூட்டு அல்லது வளையப் பூட்டு. உள்தகட்டுப் பூட்டு பெரும்பாலும் வலக்கைக் கட்டை விரலுக்கென்றே செய்தது. பேண்ட் பையில் மாட்டும் கிளிப்பை எந்தப் பக்கமும் மாற்றலாமா என்றும் பாருங்கள்.

அலகு எவ்வளவு நீளம் இருக்கணும்? எந்த வடிவம்?

7 முதல் 9 செ.மீ. போதும். பையன்கள் பெரிதாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் சுவிட்ச் பாக்ஸுக்குள் நீளக் கத்தியை விட்டுப் பாருங்கள், கை எவ்வளவு தடுமாறுகிறது என்று தெரியும். அலகின் முதுகு 2 முதல் 3 மி.மீ. தடிமன். அதற்கு மேல் தடித்தால் வெட்டாது, ஆப்பு மாதிரி பிளக்கும்.

வடிவத்தில், முதுகு மெல்லச் சரிந்து முனையில் முடிகிற சாதாரண அலகு எல்லாவற்றுக்கும் பொது. கேபிள் தோல் மட்டுமே உங்கள் வேலை என்றால் கிளிமூக்கு மாதிரி உள்பக்கம் வளைந்த அலகு நன்றாகக் கவ்வி இழுக்கும், ஆனால் அதைத் தீட்டுவது சிரமம். முனை இல்லாமல், வெட்டுவாய் நேராக, முதுகு மட்டும் நுனியில் வளைந்து இறங்குகிற அலகும் வருகிறது. குழந்தைகள் இருக்கிற வீட்டில் வேலை செய்கிறவர்களுக்கும், ஏணியிலும் சாரத்திலும் நின்று வெட்டுகிறவர்களுக்கும் அது ரொம்பப் பாதுகாப்பு. பாதி அலகில் ரம்பப் பல் இருப்பது நைலான் கயிற்றுக்கு அருமை, மற்றதற்குத் தொந்தரவு.

டி2, 440சி, கார்பன்னு போட்டிருக்கே, இரும்பு எது வாங்கலாம்?

சுருக்கமாகச் சொன்னால் மூன்று குணம், மூன்றும் ஒரே கத்தியில் முழுசாகக் கிடைக்காது: கூர் நிற்பது, சுலபமாகத் தீட்டுவது, துரு பிடிக்காமல் இருப்பது.

கார்பன் இரும்பு தீட்டினால் உடனே கூர் வரும். ஆனால் மதுரை வெயிலில் வியர்த்த கையோடு பையில் போட்டால் சாயங்காலமே பொட்டுப் பொட்டாகத் துரு. எலுமிச்சை, மாங்காய்ப் பால், வாழைக் கறை பட்டால் சாம்பல் நிறமாகக் கறுக்கும். அந்தக் கறுப்புக்குப் பயப்பட வேண்டாம், சிவப்புத் துருவைத்தான் விடக் கூடாது.

எவர்சில்வர் இனத்தில், அதாவது குரோமியம் பத்தரை சதவீதத்துக்கு மேல் சேர்ந்ததில், 440சி, 14சி28என், 8சிஆர்13எம்ஓவி போன்றவை நம் வேலைக்குப் போதும். விக்டோரினாக்ஸ் கத்தியின் இரும்பு கொஞ்சம் மென்மை, கடினம் 56 எச்.ஆர்.சி. (இரும்பின் கடினத்தைச் சொல்லும் அளவு) பக்கத்தில் இருக்கும். சீக்கிரம் மழுங்கும், ஆனால் வீட்டில் இருக்கிற எந்தக் கல்லிலும் ஐந்து நிமிஷத்தில் திரும்பக் கூர் வந்துவிடும். டி2 நேரெதிர். 60க்குப் பக்கத்தில் கடினம் வைப்பார்கள், வாரக்கணக்கில் கூர் நிற்கும், மழுங்கிவிட்டால் சாதாரணக் கல்லில் தேய்த்துத் தேய்த்துக் கை வலிக்கும். அதில் குரோமியம் 12 சதவீதம் அளவில் இருந்தும் துரு பிடிக்கிறதே என்று கேட்பார்கள். அதில் ஒன்றரை சதவீதம் கார்பனும் இருக்கிறது. குரோமியத்தின் ஒரு பங்கை அது தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொள்கிறது, துருவைத் தடுக்க மிச்சம் குறைவு.

தீட்டத் தெரியாதவருக்கு நான் மென்மையான இரும்பைத்தான் சொல்வேன். மலிவான கத்தியில் ‘டி2’ என்று பொறித்திருப்பதை நம்பி வாங்காதீர்கள், எந்த இரும்பிலும் எழுத்தைப் பொறிக்க முடியும்.

திருப்பாச்சேத்தியில் அடித்து வாங்கினால் என்ன?

அரிவாள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போங்கள். மானாமதுரை ரோட்டில்தான் ஊர், அரிவாளுக்குப் பேர்போனது. லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்துத் துவைச்சல் போடுகிற, அதாவது பதம் ஏற்றுகிற பட்டறை வேலைக்கு எந்த ஆன்லைன் கத்தியும் ஈடாகாது. அப்பா வைத்திருக்கும் அரிவாள் எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து மட்டை வெட்டுகிறது. ஆனால் மடக்குக் கத்தியின் நுட்பம் அலகில் பாதி, மூட்டில் பாதி. அந்த மூட்டு மயிரிழை பிசகாமல் பொருந்த வேண்டும், அது வேறு தொழில். மட்டைக்கு அரிவாள், கயிற்றுக்கு மடக்குக் கத்தி என்று இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். மடக்குக் கத்தியை வைத்து இளநீர் சீவப் போய் மூட்டை உடைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கைப்பிடி?

வியர்த்த கையில் வழுக்கக் கூடாது, அவ்வளவுதான். பளபளப்பான முழு இரும்புப் பிடி வெயிலில் கொதிக்கும், வியர்வையில் வழுக்கும். சொரசொரப்பான கண்ணாடி நார்ப் பிடி அல்லது நல்ல நைலான் பிடி பாருங்கள். கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு நிறம் கிடைத்தால் அதையே எடுங்கள், மணல் குவியலிலும் புல்லிலும் விழுந்தால் கண்டுபிடிக்கலாம்.

கரண்ட் வேலைக்கு இதே கத்தியைப் பயன்படுத்தலாமா?

மெயினை இறக்கி, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகு மட்டும். பிளாஸ்டிக் பிடி இருந்தால் ஷாக் அடிக்காது என்று நினைக்கிற பையன்களுக்காகவே இதை எழுதுகிறேன். மடக்குக் கத்தியில் திருகாணி, தகடு, கிளிப் எல்லாமே அலகோடு தொட்டுக்கொண்டுதான் இருக்கின்றன, 230 வோல்ட் நேராகக் கைக்கு வரும். கரண்ட் இருக்கும் லைனில் கை வைத்தே தீர வேண்டிய வேலைக்கென்று 1000 வோல்ட் முத்திரையோடு முழுசாக உறை போட்ட தனிக் கத்திகள் இருக்கின்றன, பயிற்சி பெற்றவர்கள் அதைத்தான் எடுக்க வேண்டும். இன்னொன்று, கட்டுக்கம்பியை இந்தக் கத்தியால் அறுக்காதீர்கள். கட்டிங் பிளேயர் எதற்கு இருக்கிறது?

போலீஸ் பிடிக்குமா?

சட்டம் முதலில். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த 2016ஆம் ஆண்டு விதிகள், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ உள்ள கத்திகளை ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்தவற்றுக்கு அதில் விலக்கு உண்டு. 8 செ.மீ. மடக்குக் கத்தி அந்த அளவுக்குப் பக்கத்திலேயே வராது. அதற்காகப் பொத்தானை அழுத்தினால் பாய்ந்து திறக்கும் ஸ்பிரிங் கத்தியை வாங்காதீர்கள். வேலைக்கு அது தேவையே இல்லை, பார்க்கிறவர்கள் வேறு மாதிரிதான் பார்ப்பார்கள். ராத்திரி வாகனச் சோதனையில் கத்தி டூல் பையில் டெஸ்டரோடும் பிளேயரோடும் கிடந்தால் அது தொழில் சாமான். இடுப்பில் செருகியிருந்தால் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும். திருவிழா நாட்களில் வேலை இல்லாமல் ஊருக்குள் போனால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

மீனாட்சி அம்மன் கோயில் வாசலில் சோதனை உண்டு, செல்போனுக்கே அனுமதி இல்லை, கத்தியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். விமானத்தில் கைப்பையில் கூடாது, உள்ளே போடும் பெட்டியில் வையுங்கள்.

சதுரகிரி போகிறோம், மலைக்கு எடுத்துப் போகலாமா?

வேண்டாம். இதைப் பலரும் தெரியாமல் செய்கிறார்கள். சதுரகிரி இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர் சரணாலயப் பகுதி, 2021இலிருந்து அது புலிகள் காப்பகமும்கூட. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் போகக் கூடாது, அந்தச் சட்டத்தில் ஆயுதம் என்பதற்கான விளக்கத்தில் கத்தி என்ற சொல்லே நேராக இருக்கிறது. நீளக் கணக்கெல்லாம் அங்கே கிடையாது. கொடைக்கானல் சரணாலயக் காடுகளுக்கும் இதே சட்டம்தான். பழம் நறுக்க வேண்டும் என்றால் வீட்டிலேயே நறுக்கி டப்பாவில் எடுத்துப் போங்கள். தோப்பு, வயல், நண்பரின் பண்ணை என்றால் தாராளமாகக் கொண்டு போகலாம்.

மழுங்கினால் தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்கலாமா?

அரிவாள்மனை, காய்கறிக் கத்தி கொடுங்கள், அந்தத் தொழில் நிலைக்க வேண்டும். மடக்குக் கத்தியைக் கொடுப்பதற்கு எனக்கு மனசு வராது. சுற்றுகிற கல்லில் மெல்லிய அலகின் விளிம்பு ஒரு நொடியில் சூடேறும், நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் பெரும்பாலான இரும்புக்குப் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் அந்த இடம் நிற்காது.

ஹார்டுவேர் கடையில் ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் நைஸும் இருக்கிற கல் கிடைக்கும், அது போதும். கல்லை நனைத்து ஈரத் துணி மேல் வையுங்கள். கத்தியைக் கல்லின் மேல் செங்குத்தாக நிறுத்துங்கள், அதில் பாதி சாய்த்தால் 45 டிகிரி, அதிலும் பாதி சாய்த்தால் 22 சொச்சம். அந்தச் சாய்வுதான் வேண்டும். கல்லை மெல்லச் சீவி எடுக்கிற மாதிரி அடியிலிருந்து முனை வரை ஒரு பக்கம் தேயுங்கள். மறுபக்கத்தில் கட்டை விரலை விளிம்புக்குக் குறுக்கே, நீளவாக்கில் இல்லை, மெதுவாக வெளியே இழுத்துப் பாருங்கள். நகத்தில் நூல் சிக்குவது போல ஒரு பிசிறு தட்டும். அது அடியிலிருந்து முனை வரை தட்டினால்தான் அந்தப் பக்கம் முடிந்தது. திருப்பி மறுபக்கம். பிறகு நைஸ் பக்கத்தில் அழுத்தமே இல்லாமல் மாற்றி மாற்றி ஒவ்வொரு இழுப்பு, பிசிறு போகும் வரை. தினத்தாள் ஒன்றைத் தூக்கிப் பிடித்து வெட்டுங்கள். கிழிக்காமல் சர்ரென்று போனால் சரி. கல் இல்லாத இடத்தில் பீங்கான் கப்பைக் கவிழ்த்தால் அடியில் பளபளப்பு இல்லாத வளையம் தெரியும், அவசரத்துக்கு அதிலும் தீட்டலாம்.

பராமரிப்பு?

சிமெண்ட், மணல் சைட்டில் தினமும் சாயங்காலம் ஒரு ஊது, ஒரு துடைப்பு. வாரம் ஒரு தடவை விரித்துச் சோப்புத் தண்ணீரில் பழைய பல் தேய்க்கும் பிரஷால் மூட்டைத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, மூட்டில் ஒரே ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்து மண்ணை இழுக்கும். திருகுகள் தளர்கின்றனவா என்று பாருங்கள், நட்சத்திரத் தலைத் திருகாக இருக்கும், அளவு சரியாக இல்லாத ஸ்குரூ டிரைவரை வைத்துத் தலையைக் கெடுத்துவிடாதீர்கள்.

ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைத்துச் சாமி முன்னால் வைப்போம், நானும் வைப்பேன். ஆனால் மறுநாள் காலையில் எடுத்ததும் ஈரத் துணியால் துடைத்து எண்ணெய் போடுங்கள். ஈரக் குங்குமம் அலகில் ஒட்டிக் காய்ந்தால் அந்தப் பொட்டு வடிவத்திலேயே துரு நிற்கும். என் ஓப்பினெலில் ஒன்று இருக்கிறது.

கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாதாமே?

சண்டை வரும் என்று அம்மா சொல்லுவார்கள். காரணம் எதுவாக இருந்தாலும் பழக்கம் நல்லது. மடக்கி, கீழே வைத்து, அடுத்தவர் எடுத்துக்கொள்ளட்டும். சாரத்தின் மேலே நிற்கிறவருக்குத் தூக்கிப் போடவே கூடாது, பையில் போட்டுக் கயிற்றில் ஏற்றுங்கள்.

வெட்டுப்பட்டுவிட்டால்?

சுத்தமான துணியை மடித்து வைத்து நேராக அழுத்துங்கள், கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடியுங்கள். பத்து நிமிஷம் எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்த வேண்டும். காபித் தூள், மஞ்சள் தூள், சுண்ணாம்பு எதையும் அப்பாதீர்கள். எனக்கு மேஸ்திரி அன்போடு காபித் தூளைத்தான் அப்பினார், ஆஸ்பத்திரியில் அதைக் கழுவி எடுத்ததுதான் தையலைவிட வலித்தது. ரத்தம் நிற்கவில்லை, விரல் மரத்துப் போகிறது, மடக்க முடியவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரி, ஆள் இல்லை என்றால் 108. டி.டி. (டெட்டனஸ்) ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று கேட்பார்கள், அந்தத் தேதியைப் போனில் குறித்து வைத்திருங்கள்.